சின்னப்பம்பட்டியிலிருந்து பிரிஸ்பேனுக்குப் போன வழி

(பொட்டிபுரத்தில் ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொட்டிபுரம் என்ற பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் நினைவுக்கு வரும். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைப்பது பற்றி இந்த ஊர் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசியிருக்கிறது, கேட்டிருக்கிறது, போராடியிருக்கிறது. இன்று நான் வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். வற்றிக் கிடக்கும் கண்மாயில் பந்து போடும் ஒரு பையனுக்குக் கையில் வேகம் இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கை உலகத்தின் பெரிய மைதானம் ஒன்றுக்குப் போய்ச் சேர வேண்டுமானால், நடுவில் என்னென்ன இருக்க வேண்டும்? இதுதான் என் கேள்வி. பதிலைத் தேடி முதலில் கொஞ்சம் தூரமாகப் போய்விட்டு, பிறகு நம் சேலம் மாவட்டத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு விளையாட்டு. நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பந்து வீசுபவரை அங்கே பிட்சர் என்பார்கள். ஒரு சிறு மேட்டில் நின்றுகொண்டு, பதினெட்டரை மீட்டர் தூரத்தில் நிற்கும் மட்டைக்காரரை நோக்கி, பந்தைத் தரையில் படாமல் நேராக எறிய வேண்டும். முழங்கையை மடக்கி விரித்து எறிவதுதான் அங்கே முறை. நம் கிரிக்கெட்டில் அந்த மடிப்பு 15 பாகைக்கு மேல் விரிந்தால் குற்றம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2008இல் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவர் இந்தியாவுக்கு வந்து ஒரு போட்டி நடத்தினார். வேகமாகவும் குறி தவறாமலும் பந்து எறியத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் வரலாம். ஊர் ஊராக நடந்த அந்தப் போட்டியில் 37,000 பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். ரிங்கு சிங் முதலாவதாக வந்தார், தினேஷ் படேல் அடுத்ததாக வந்தார். இருவரும் உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள், இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் என்ற விளையாட்டை அதுவரை ஆடியதே இல்லை. ரிங்கு எறிந்த பந்தின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். கலிபோர்னியாவுக்குக் கூட்டிப்போய், டாம் ஹவுஸ் என்ற பெயர்பெற்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். சில மாதங்களில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் அவர்கள்தான். 2014இல் டிஸ்னி நிறுவனம் அவர்கள் கதையை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாகவே எடுத்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான்.

படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மேஜர் லீக் என்பது 30 அணிகள் மட்டுமே ஆடும் உச்சி. அதற்குக் கீழே மைனர் லீக் என்று படிப்படியாகப் பல நிலைகள் உண்டு. புதியவர்களுக்கான நிலை, பிறகு ஒற்றை ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ. ஒவ்வொன்றிலும் ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஆடித் தேறினால்தான் அடுத்ததுக்குப் போகலாம். தினேஷ் படேலை 2010 இறுதியில் விடுவித்துவிட்டார்கள். அவர் ஊர் திரும்பி மறுபடியும் ஈட்டியைக் கையில் எடுத்தார். ரிங்கு விடாமல் உழைத்து ஏ பிரிவு வரை ஏறினார். பருவ இடைவெளியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கான்பெரா அணிக்கும் ஆடினார். பிறகு முழங்கைக் காயம், அறுவை சிகிச்சை, வருடக்கணக்கில் காத்திருப்பு. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். இருவரும் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை.

இதை அவர்கள் தோற்றார்கள் என்று சொல்வதற்காக நான் எடுக்கவில்லை. மொழி தெரியாத நாட்டில், பார்த்தே அறியாத ஆட்டத்தில், அந்த உயரம் போனதே பெரிய சாதனை. நான் சொல்ல வருவது வேறு. போட்டி ஒரு கையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்தக் கைக்குப் பின்னால் பத்து வருட ஆட்டத்தை அதனால் உண்டாக்கித் தர முடியாது. அமெரிக்கப் பையன் ஐந்து வயதில் தந்தையோடு வீட்டு முற்றத்தில் பந்து பிடிக்கத் தொடங்குகிறான். பள்ளி அணி, கல்லூரி அணி என்று ஆடி ஆடி, எந்தச் சமயத்தில் எந்தப் பந்து எறிய வேண்டும் என்பது அவன் உடம்பிலேயே ஊறிவிடுகிறது. நம் பையன்கள் இருவருக்கும் கை இருந்தது, அந்தப் பத்து வருடம் இல்லை.

அந்தப் பத்து வருடம் கிடைத்த ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். குமார் ராக்கர். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், சரிதான். அவருடைய தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள். தந்தை அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்றவர். ஜார்ஜியாவில் பள்ளி, பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். 2019இல் ஒரு கல்லூரிப் போட்டியில், எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 19 பேரை வெளியேற்றினார். 2021இல் நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் உடல் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டது. தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு சின்னத் தனி லீக்கில் போய் ஆடினார். அடுத்த ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. 2023இல் மறுபடி முழங்கையில் அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் சியாட்டிலில் முதல் மேஜர் லீக் ஆட்டம். நான்கு இன்னிங்ஸ் வீசி ஏழு பேரை வெளியேற்றினார். விழுந்த போதெல்லாம் காலூன்ற அவருக்குக் கீழே ஒரு படி இருந்தது, கவனியுங்கள்.

இனி சேலம் மாவட்டத்துக்கு வருவோம்.

சின்னப்பம்பட்டி. நம் பொட்டிபுரம் மாதிரிதான், வரைபடத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். இங்கே ஏலத்தோட்டக் கூலி என்றால் அங்கே தறிக் கூலி. தங்கராசு நடராஜன் அங்கே 1991இல் பிறந்தார். அப்பா தறிக்குப் போகும் கூலித் தொழிலாளி. அம்மா சாலையோரத்தில் கோழி வறுவல் கடை போட்டவர். ஐந்து பிள்ளைகளில் இவர் மூத்தவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான். நம் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை சுழற்கோப்பைக்கு ஆடுகிறார்களே, அதே கிரிக்கெட்.

அந்தக் கிரிக்கெட்டை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். டென்னிஸ் பந்து எடை குறைந்தது. தோல் பந்து மாதிரி தையலைப் பிடித்துக் காற்றில் வளைக்க முடியாது, எகிறவைத்து மட்டைக்காரரை மிரட்டவும் முடியாது. மைதானமும் சின்னது. ஓங்கி அடித்தால் சுவரைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் பந்து வீசுபவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே காப்பு யார்க்கர். மட்டைக்காரரின் காலடியில் போய் விழ வேண்டும், மட்டையை அதற்குக் கீழே கொண்டுபோக இடம் இருக்கக் கூடாது. ஒரு முழம் முன்னால் விழுந்தாலும் சிக்ஸர், ஒரு முழம் தள்ளிப் போனாலும் சிக்ஸர். இந்த நெருக்கடியில் பல வருடம் வீசி வீசித்தான் நடராஜனின் இடது கைக்கு அந்தக் குறி வந்தது. பின்னாளில் உலகத்தின் தலைசிறந்த மட்டையாளர்களைத் தடுமாறவைத்த பந்து, சேலம் மாவட்டத்துப் பொட்டலில் பழகிய பந்து.

பந்து மட்டும் அவரைக் கரை சேர்க்கவில்லை. அந்த ஊரில் ஜெயப்பிரகாஷ் என்று ஓர் அண்ணன் இருந்தார். அவரும் கிரிக்கெட் ஆடியவர், சென்னைக்கு வழி தெரிந்தவர். இந்தத் தம்பியின் கையில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டு, வீட்டில் பேசி, சென்னைக்குக் கூட்டிப்போய், அணியில் சேர்த்து, கூடவே நின்றவர் அவர். நடராஜன் அதை மறக்கவில்லை. ஐபிஎல்லில் அவர் போட்டிருந்த சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்றுதான் இருந்தது. அந்த 'ஜேபி' ஜெயப்பிரகாஷ். உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கும் சட்டையில், தன் பெயருக்கு முன்னால் ஊர் அண்ணன் பெயரைப் போட்டுக்கொண்ட வீரரை நான் வேறு பார்த்ததில்லை.

சென்னையில் லீக் கிரிக்கெட்டுக்கு டிவிஷன்கள் உண்டு. உச்சியில் முதல் டிவிஷன். அங்கே வெல்கிற அணிக்குப் பாளையம்பட்டி ராஜா பெயரில் கேடயம். பாளையம்பட்டி நம் பக்கத்து அருப்புக்கோட்டையை ஒட்டிய ஊர்தான். நடராஜன் 2010–11 பருவத்தில் பிஎஸ்என்எல் அணிக்காக நான்காம் டிவிஷனில் தொடங்கினார். தோல் பந்தைக் கையில் பிடித்துப் பழகியதே அப்போதுதான். பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், அதன்பிறகு ஜாலி ரோவர்ஸ். ஜாலி ரோவர்ஸை நடத்துவது கெம்பிளாஸ்ட் நிறுவனம். அதன் ஆலை இருப்பது அவருடைய சொந்த மாவட்டத்து மேட்டூரில்! இப்படி நான்கு வருடம் ஏறி, 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் தமிழ்நாட்டுக்காக இறங்கினார்.

அந்த முதல் ஆட்டத்திலேயே இடி விழுந்தது. அவர் பந்தை எறிகிறார் என்று புகார் எழுந்தது. முன்னே 15 பாகை என்று சொன்னேனே, அந்த விஷயம். அமெரிக்காவில் பிறந்திருந்தால் பிட்சர் என்று கொண்டாடியிருக்கக்கூடிய கை, இங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் மாநில அணியில் இடமில்லை. இருபத்து மூன்று வயதுப் பையன், வீட்டில் கஷ்டம், ஊர் முழுக்கச் செய்தி. எத்தனை பேர் இந்த இடத்தில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள்? தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தில் சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா போன்ற முன்னாள் வீரர்கள் அவரோடு உட்கார்ந்தார்கள். ஓடி வருவது, தோளைத் திருப்புவது, கையை உயர்த்துவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடி சேர்த்துக் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து பழகிய கையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்று வலது கையால் எழுதுகிறவர்கள் இடது கையால் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் தெரியும். நடராஜன் மாற்றினார், யார்க்கரையும் இழக்கவில்லை. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி ஆஸ்திரேலியாவில் கிடைக்கவில்லை. யாரும் பார்க்காத அந்த வலைப்பயிற்சியில் கிடைத்தது.

2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. நடராஜன் இறங்கிய அணி நம் பக்கத்துத் திண்டுக்கல் டிராகன்ஸ். தூத்துக்குடி அணியோடு ஆட்டம் சமமாகி சூப்பர் ஓவருக்குப் போனது. எதிரே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய அபினவ் முகுந்த். ஆறு பந்து, ஆறும் யார்க்கர். நேரலையில் பார்த்தவர்கள் எல்லோரும் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த பிப்ரவரி ஐபிஎல் ஏலத்தில், 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு வாங்கியது.

ஏலம் உங்களுக்குப் புதிதல்ல. போடியில் காயின் மாதிரியை வைத்து, நிறத்தையும் பருமனையும் பார்த்து, திரையில் விலை ஏறுவதைப் பார்த்தவர்கள் நீங்கள். வாங்குகிறவருக்குத் தெரிவது தட்டில் இருக்கும் காய் மட்டும்தான். செடி நட்டு மூன்றாம் வருடம் காய் பிடிக்கும் வரை காத்திருந்தது, மழையில் நனைந்து களை எடுத்தது, முற்றிய காயாகப் பார்த்துப் பறித்தது, ஸ்டோரில் இரவெல்லாம் உலர்த்தியது, இதெல்லாம் அந்தத் தட்டில் இல்லை. 3 கோடி என்ற செய்தியைப் படித்த நாடும் அப்படித்தான் பார்த்தது.

அந்தப் பணமும் நிம்மதியாகக் கிடைத்ததல்ல. அந்த வருடம் ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். முழங்கையில் வலி. அடுத்த வருடம் விலை 40 லட்சத்துக்கு இறங்கி, ஹைதராபாத் அணி எடுத்தது. அங்கே பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன். 2018, 2019 இரண்டு பருவமும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. வலையில் வீசுவது, தண்ணீர் கொண்டுபோவது, உட்கார்ந்து பார்ப்பது. மறுபடி காத்திருப்பு.

2020இல் கொரோனாவால் ஐபிஎல் அரபு நாட்டுக்குப் போனது. பதினாறு ஆட்டத்தில் பதினாறு விக்கெட். அந்தத் தொடரில் அவர் அளவுக்கு யார்க்கர் வீசியவர் வேறு யாருமில்லை. அபுதாபியில் நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் ஏ.பி. டிவிலியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த பந்தை இன்றைக்கும் பையன்கள் கைபேசியில் போட்டுப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு அவரை வலைப்பந்து வீச்சாளராகத்தான் சேர்த்தார்கள், அணி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் இடம் கிடைத்தது. ஊரில் அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையின் முகம் பார்க்காமல், அரபு நாட்டிலிருந்து நேராக விமானம் ஏறினார்.

டிசம்பர் 2, கான்பெரா. ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகம், முதல் விக்கெட் லபுஷேன். டிசம்பர் 4, அதே மைதானத்தில் டி20 அறிமுகம், மூன்று விக்கெட். டி20 தொடரை இந்தியா வென்றதும், தொடர் நாயகன் விருது பெற்ற ஹர்திக் பாண்டியா அந்தக் கோப்பையை நடராஜன் கையில் கொடுத்தார். பிறகு காயங்கள் அணியைச் சூறையாடின. பும்ராவும் இல்லாத நிலையில், 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் நடராஜன் டெஸ்ட் தொப்பி வாங்கினார். இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரர். 301ஆவது வாஷிங்டன் சுந்தர், அவரும் தமிழ்நாடு. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் நடராஜனுக்குக் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு தோற்றே அறியாத மைதானம் அது. ஐந்தாம் நாள் 328 ரன்னைத் துரத்தி இந்தியா வென்றது.

ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய தேரில் அழைத்துப்போனார்கள். அவர் பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டார்.

இங்கே நிறுத்தினால் நானும் சினிமாக் கதை சொன்னவன் ஆவேன். அந்த மார்ச்சில் புனேயில், இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன் தடுக்க வேண்டிய நிலையில், சாம் கரனுக்கு வீசி ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20, மொத்தம் ஏழு ஆட்டங்களில் அவர் இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார். அதன் பிறகும் விடவில்லை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்து, ஹைதராபாத் இறுதி ஆட்டம் வரை போனதில் பெரும் பங்கு வகித்தார். அடுத்த ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்தது. உச்சி குறுகலானது, தம்பிகளே. அங்கே நெடுநாள் நிற்கக் கிடைப்பவர்கள் மிகச் சிலர். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விடாதீர்கள் என்று இந்த மேடையில் சத்தமாகச் சொல்கிறேன். ஆட்டத்துக்காகப் படிப்பை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நடராஜன் செய்த இன்னொரு காரியம் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. முதல் ஐபிஎல் பணம் வந்த 2017லேயே, ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து ஊரில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் முறையான மைதானம் ஒன்றைக் கட்டி முடித்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். நடராஜனுக்கு இருபது வயதில் கிடைத்த தோல் பந்து, இன்று அந்த ஊர்ப் பையனுக்குப் பத்து வயதில் கிடைக்கிறது. ரிங்குவுக்கும் தினேஷ் படேலுக்கும் இல்லாமல் போன அந்தப் பத்து வருடத்தை, அவர் தன் ஊருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இப்போது நம் ஊர். மலையடிவாரப் பிள்ளைகளின் கால்களுக்கும் நுரையீரலுக்கும் நான் சான்று சொல்லத் தேவையில்லை. சென்னையும் இன்று தூரமில்லை. 2010 இறுதியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்தது. சென்னை சென்ட்ரலுக்கு நேரடி வண்டியே ஓடுகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு செய்தி. மதுரைப் பெண் ஜி. கமலினி, பதினாறு வயதில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் 1.60 கோடிக்கு எடுக்கப்பட்டார். 2025இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துப் பெண்.

நம்மிடம் இல்லாதது கீழ்ப்படி மட்டும்தான். கண்மாயில் தண்ணீர் வந்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. மானாவாரி நிலத்தில் விதைப்பு வந்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. இந்தக் காடுகள் ஒவ்வொன்றாக மனை போட்டு விற்கப்படுகின்றன. அதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை, அவரவர் தேவை அவரவருக்கு. ஆனால் ஊருக்குப் பொதுவான இடம் ஒன்றைக் கடைசி மனை விற்பதற்குள் ஒதுக்கி வைக்க வேண்டியது ஊரின் கடமை.

பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கிராம சபையில் இந்த மைதானத்தைப் பொருளாக வையுங்கள், தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதில் தோல் பந்துக்கு ஏற்ற பிட்ச் ஒன்று போடுங்கள், வலை ஒன்று கட்டுங்கள். மலைக்கு ஜீப் ஏறும் அப்பா அம்மாக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக நேரமிருக்காது. ஆகவே வெளியூரில் படித்து, வேலை பார்த்து, வழி தெரிந்து வந்திருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தேர்வு எங்கே, என்றைக்கு நடக்கிறது என்று விசாரித்து, கையில் வேகமுள்ள பிள்ளையை நீங்களே கூட்டிப்போங்கள். தம்பிகளே, தங்கைகளே, அதுவரை டென்னிஸ் பந்திலேயே யார்க்கர் பழகுங்கள்.